பணியப் போன பந்து

மைதானம் என்றுதான் வலயக் கந்தோர்ப் புத்தகத்தில் இருக்கிறது.
மேல் கோட்டில் நின்று பார்த்தால்
கீழ்க் கோட்டில் நிற்பவளின் தலைவகிடு தெரியும்.
அவ்வளவு சரிவு.

கம்பங்கள் டர்பன்டைன் கட்டை.
வலை, பழைய கொழுந்துச் சாக்குகளைப் பிரித்து
மெர்சலின் முடிந்தது.
பந்து மட்டும் அரசாங்கத்துப் பந்து,
ஒன்றே ஒன்று.

கோட்டைத் தாண்டினால் அது நிற்காது.
வாகை வேரில் ஒரு துள்ளல்,
கானில் ஒரு முங்கல்,
அப்புறம் ஏழாம் நம்பர் மலை முழுக்க
அதன் இஷ்டம்.

விட்டவள்தான் போய் எடுத்து வரவேண்டும்:
முதல் மாதத்துச் சட்டம்.
நான் போனேன், அரைமணி நேரம்.
கமலவதனி போனாள்,
காலில் ஐந்து அட்டையோடு ஏறி வந்தாள்.
மறுநாள் தொட்டு
எட்டாத பந்துக்கு எவளும் கை நீட்டவில்லை.
தொட்டால்தானே விட்டவள்?
பந்து எங்கள் நடுவில் வந்து விழும்.
யார் வீட்டு விருந்தாளியோ என்பதுபோல்
ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நிற்போம்.

யோகமலர்தான் சொன்னாள்.
கப்டன் என்றில்லை, உயரமென்று
முன்னால் நிறுத்தி வைத்திருந்தவள்.
"இனி ஆறு பேரும் போறது.
யாரு விட்டான்னு பேச்சே வேணாம்."

போனோம்.
நிரைக்கு ஒருத்தியாய்,
பனியில் பக்கத்து நிரை தெரியாமல்,
கூப்பிட்டுக் கூப்பிட்டு.

"இருக்கேன்."
"இருக்கேன்."
"ஐயோ, அட்டை!"
"இருக்கியா?"
"இருக்கேன்."

ஒருநாள் பந்து நிறுவைக்கே வந்தது,
டிலுக்சனாவின் அம்மா கூடையில், கொழுந்துக்கு அடியில்.
கணக்கப்பிள்ளை பந்தை எடுத்து வைத்தார்,
தண்ணிக்கென்று இரண்டு கிலோவும் சேர்த்து வெட்டினார்.
அன்றைக்கு டிலுக்சனா போட்ட சர்வீஸ்
ஒன்றைக்கூட எங்களால் தூக்க முடியவில்லை.

முதல் வருடம் முதல் சுற்றில் தோற்றோம்.
இரண்டாம் வருடம்,
மண்சரிவில் ரோட்டு மூடி,
தோற்கக்கூடப் போகவில்லை.

மூன்றாம் வருடம், நுவரெலியா.
தரை சமமாக இருந்தது. அதுதான் பயம்.
கால் தானாக மேட்டைத் தேடித் தடுக்கியது.
முதல் செட் அவர்களுக்கு, இருபத்தைந்துக்கு ஒன்பது.

இரண்டாவதில், ரொஷாந்தி கையில் பட்ட பந்து
கூட்டத்துக்கு மேலால் பறந்து
வாகனங்கள் நிறுத்திய பக்கம் போனது.
விசில் ஊதியாயிற்று. புள்ளியும் போயிற்று.
நாங்கள் ஆறு பேரும் ஓடினோம்.

யோசித்து ஓடவில்லை. கால் ஓடியது.
நடுவர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.
எதிரணிப் பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள்,
எங்கள் கணக்குச் சேர் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.
ஒரு வேனுக்கு அடியிலிருந்து டிலுக்சனா கத்தினாள்:
"இருக்கேன்!"
வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை.
அப்போதுதான் எங்களுக்கும் சிரிப்பு வந்தது,
மூன்று வருடத்துக்கும் சேர்த்து.

திரும்பி வந்து நின்றபோது
தரை கொஞ்சம் சரிந்திருந்தது, எங்கள் பக்கமாக.
கமலவதனி முழங்கை தேய விழுந்து எடுத்தாள்.
"இருக்கேன்" என்று பின்னால் ஒரு குரல்,
"இருக்கேன்" என்று வலையடியில் ஒன்று.
யாருடைய பந்து என்ற கேள்வியே எழவில்லை.
இருபத்தாறுக்கு இருபத்துநான்கு.
எங்களுக்கு.

மூன்றாவது செட் அவர்களுக்கு,
இரண்டே இரண்டு புள்ளியில்.

கடைசிப் பந்து யார் கையில் பட்டு
வெளியே போனதென்று
பஸ்ஸில் ஆறு பேருக்கும் தெரியும்.
மெர்சலின் இரண்டு பணிஸைப் பிய்த்து ஆறாக்கினாள்.
எனக்கு வந்தது கொஞ்சம் பெரிய துண்டு.
ஜன்னல் பக்கம் திரும்பித் தின்றேன்.

நானுஓயா இறக்கத்தில்
பந்து மடியிலிருந்து நழுவி
சீட்டுகளுக்கு அடியால் உருண்டு
டிரைவரின் காலடிவரை போனது.

எழும்பினோம்.